முப்பத்தேழரையில் நின்ற கோடு

விஜய்ஆனந்தைத் தெரியுமா என்று மதுரையில் யாரைக் கேட்டாலும் தெரியாது என்றுதான் சொல்வார்கள். அதில் பாதிப் பேர் பொய் சொல்கிறார்கள். இரண்டாயிரத்து மூன்று, நான்கு வாக்கில் இந்தச் சுற்றுவட்டாரத்தில் எலக்ட்ரானிக்ஸ் படித்து இன்ஜினீயர் ஆனவர்களில் நிறையப் பேர் அவன் கடைப் படி ஏறி இறங்கியவர்கள். இன்றைக்குக் கம்பெனி அட்டையைக் கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டு திரிவார்கள். அவன் பெயரைச் சொன்னால் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். திருப்பட்டும். எனக்கு அவர்கள் முகமும் தெரியும், அவர்கள் எழுதாத ரிப்போர்ட்டும் தெரியும். கருப்பு ரெக்சின் அட்டையில் தங்க எழுத்து அடித்துக் கொடுத்தது நான்தான்.

என் பெயர் தங்கப்பொண்ணு. நேதாஜி ரோட்டுக்குப் பின்னால் ஒரு சந்தில், மாடியில், ஜெராக்ஸும் பைண்டிங்கும் போடுகிற கடை. எனக்கு எதிர்க்கதவு அவனுடையது. வாசலில் 'வி.ஏ. டெக்னாலஜீஸ், ரிசர்ச் அண்ட் டெவலப்மென்ட்' என்று பலகை. உள்ளே ஒரு மேசை, இரண்டு கம்ப்யூட்டர், ஒரு ஃபேன், ஒரு பெருமாள் படம். ரிசர்ச்சாம். எந்தக் காலேஜில் எந்த வாத்தியார் என்ன கேள்வி கேட்பார் என்பதைத் தவிர அங்கே யாரும் எதையும் ஆராய்ந்து நான் பார்த்ததில்லை.

விஷயம் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். இன்ஜினீயரிங் கடைசி வருஷத்தில் பிள்ளைகள் சொந்தமாக ஒரு கருவி செய்து காட்ட வேண்டும். அதற்கு ப்ராஜெக்ட் என்று பெயர். நம் ஊரைச் சுற்றிப் பருத்திக் காடு, கம்மாய்க் கரை என்று பார்க்காமல் காலேஜ் முளைத்த நேரம் அது. வாசலில் வளைவு கட்டுவார்கள், நீரூற்று வைப்பார்கள். லேபில் இருக்கிற கருவிகளைக் கண்ணாடி பீரோவில் பூட்டிச் சாவியை ஹெச்.ஓ.டி. பையில் போட்டுக்கொள்வார். இன்ஸ்பெக்‌ஷன் வந்தால் மட்டும் பீரோ திறக்கும். நாலு வருஷமும் பீரோவைப் பார்த்தே படித்த பிள்ளை எதைச் செய்து காட்டும்? பஸ் ஏறி எங்கள் சந்துக்கு வரும். விஜய்ஆனந்த் செய்து வைத்திருப்பான். வாங்கிக்கொண்டு போய், நான் செய்தது என்று சொல்லும். இது வாத்தியாருக்கும் தெரியும், வெளியூரிலிருந்து வருகிற எக்ஸாமினருக்கும் தெரியும், வாட்ச்மேனுக்கும் தெரியும். பெற்றவர்களுக்கு மட்டும் தெரியாது.

அவன் விளக்குத்தூண் பக்கம் சேலைக் கடை வைத்திருக்கிற சௌராஷ்டிரக் குடும்பத்தில் கடைசிப் பிள்ளை. அண்ணன்மார் கல்லாவில் உட்கார, இவனுக்கு மட்டும் ரேடியோவைப் பிரித்துப் போடுகிற பித்து. பி.எஸ்ஸி. எலக்ட்ரானிக்ஸ் சேர்ந்தான், அரியர் வைத்தான், கடைசியில் எங்கள் சந்துக்கு வந்து சேர்ந்தான். அம்மா போன் செய்தால் அவர்கள் பாஷையில் பேசுவான். எனக்கு அந்தப் பாஷையில் ஒரு வார்த்தை புரியாது. ஆனாலும் புளுகுகிறான் என்பது குரலிலேயே தெரியும்.

அவன் பெரியப்பா மகன் உமேஷ் பெங்களூரில் சிப் செய்கிற கம்பெனி ஒன்றில் இருந்தான். ஒரு தீபாவளிக்கு வந்தபோது ஒரு சின்ன அட்டைப் பெட்டியைக் கொடுத்துவிட்டுப் போனான். உள்ளே உள்ளங்கை அளவு பச்சை போர்டு, ஒரு கேபிள், ஒரு சி.டி. இவாலுவேஷன் போர்டு என்று பெயராம். சிப் வாங்க நினைக்கிறவன் முதலில் ஓட்டிப் பார்த்து, நமக்குச் சரிப்படுமா என்று தெரிந்துகொள்வதற்காகக் கம்பெனியே செய்து கொடுப்பது. நடுவில் மிளகு அளவுக்கு ஒரு கருப்புச் சில்லு. அதுதான் வெப்பத்தை அறிகிற சென்சார்.

அன்றைக்கு என்னைக் கூப்பிட்டுக் காட்டினான். கேபிளைக் கம்ப்யூட்டரின் பின்பக்கம் செருகி, சி.டி.யைப் போட்டான். திரையில் ஒரு பக்கம் விரிந்தது. இடது ஓரத்தில் முப்பத்திரண்டு சொச்சம் டிகிரி என்று எண். வலது பக்கம் கட்டம் போட்ட தாளில் சிவப்புக் கோடு ஒன்று ஊர்ந்துகொண்டே போனது. சில்லின் மேல் விரலை வைக்கச் சொன்னான். வைத்தேன். கோடு மெதுவாக ஏறியது. எடுத்தேன், இறங்கியது. டீக் கிளாஸைப் பக்கத்தில் கொண்டு போனால் விருட்டென்று எகிறியது. இத்தனை டிகிரிக்கு மேல் போனால் மணியடி என்று சொல்லியும் வைக்கலாம். சும்மா சொல்லக் கூடாது, எனக்கே பிடித்திருந்தது. அவனுக்கு அன்றைக்குச் சோறே இறங்கவில்லை. சாயங்காலம் வரை ஊதிப் பார்ப்பதும் விசிறிப் பார்ப்பதுமாக இருந்தான். அந்த முகத்தை நான் கண்ணால் பார்த்தவள். அதனால்தான் பிறகு அவன் செய்ததை நினைத்தால் இன்னும் வயிறு எரிகிறது.

அந்த சாஃப்ட்வேர் போர்டைக் கேட்டுக் கேட்டுத்தான் திரையில் எழுதும். இப்போது எவ்வளவு, இப்போது எவ்வளவு என்று இது கேட்க, அது சொல்ல, கோடு நகரும். அதே மாதிரி சொந்தமாக ஒன்று செய்ய அவனும் உட்காரத்தான் செய்தான். முட்டி மோதினான், வரவில்லை. வராதது ஒன்றும் குற்றமில்லை. உமேஷிடம் கேட்டிருக்கலாம், இன்னும் ஒரு மாசம் படித்திருக்கலாம். ஆனால் ப்ராஜெக்ட் சீசன் வந்துவிட்டது, பிள்ளைகள் படியில் நிற்கிறார்கள். குறுக்குப் புத்தி வேலை செய்தது. போர்டைக் கேட்டால்தானே தொல்லை, கேட்காமலே கோடு போட்டால் என்ன?

போட்டான். பச்சை அட்டையில் பேருக்கு ஒரு சில்லு, மினுக்மினுக்கென்று எரிய இரண்டு விளக்கு, நாலு கம்பி. அதிலிருந்து ஒரு கேபிள் கம்ப்யூட்டருக்குப் போகும். அந்தக் கேபிளில் ஒன்றுமே ஓடாது. கம்ப்யூட்டருக்குள் அவன் எழுதிய சாஃப்ட்வேர் தன்பாட்டுக்குக் கோடு போட்டுக்கொண்டிருக்கும். நேராகப் போனால் சந்தேகம் வரும் என்று கோட்டை லேசாக நடுங்க வைத்தான். அந்த நடுக்கம் இயற்கையாக வர வேண்டும் என்று ராப்பகலாக உழைத்தான் பாருங்கள், அந்த உழைப்பில் பாதியை நிஜத்துக்குக் கொடுத்திருந்தால் மனுஷன் ஆகியிருப்பான். ஸ்பேஸ் பாரைத் தட்டினால் வெப்பம் ஏறும். பக்கத்துக் கீயைத் தட்டினால் இறங்கும். அளவு தாண்டினால் நிஜம் மாதிரியே மணியும் அடிக்கும். எக்ஸாமினர் சில்லின் மேல் விரலை வைக்கும்போது, பையன் கையைச் சாதாரணமாகக் கீபோர்டில் சாய்த்துக்கொண்டு கட்டைவிரலால் தட்ட வேண்டும். இதை மட்டும் பிள்ளைகளுக்கு உட்கார வைத்துப் பொறுமையாகச் சொல்லிக்கொடுப்பான். அவன் யாருக்கும் கற்றுக்கொடுத்த ஒரே பாடம் அதுதான்.

சரக்கு ஒன்று, தலைப்பு மட்டும் வேறு. ஒருத்தனுக்கு ஐஸ் ஃபேக்டரி, ஒருத்தனுக்கு நெல் குடோன், ஒருத்தனுக்கு ஆஸ்பத்திரி. ரிப்போர்ட்டிலும் முதல் பக்கத்தை மாற்றினால் போதும். ஒரு தடவை ஐஸ் ஃபேக்டரி ரிப்போர்ட்டின் நடுவில் 'நோயாளியின் உடல் வெப்பம்' என்று கிடந்தது. எக்ஸாமினர் கையெழுத்துப் போட்டுத்தான் அனுப்பினார். மத்தியானம் பிரியாணி வந்துவிட்டதா என்பதுதான் அந்தப் பெரிய மனுஷனின் ஆராய்ச்சி. ஆலையில்லா ஊருக்கு இலுப்பைப்பூ சர்க்கரை என்பார்கள். எங்கள் சந்துக்கு விஜய்ஆனந்த் விஞ்ஞானி.

நிஜப் போர்டை என்ன செய்தான் என்றால், பெருமாள் படத்துக்குக் கீழே வைத்துப் பெட்டிக்கு மஞ்சள் குங்குமம் வைத்தான். புதுப் பிள்ளை வந்தால் மட்டும் இறக்குவான். விரலை வைக்கச் சொல்வான், கோடு ஏறும், பிள்ளை வாயைப் பிளக்கும், அட்வான்ஸ் கை மாறும். தூண்டிலில் மட்டும் நிஜப் புழு.

நாகஜோதி வந்தது இரண்டாயிரத்து ஐந்து தை மாசம். சமயநல்லூரைத் தாண்டி உள்ளே போகிற ஒரு கிராமம். அப்பா அழகுபாண்டிக்குக் கொஞ்சம் நிலமும், நாட்டுக்கோழி முட்டையைப் பெட்டியில் வைத்துக் குஞ்சு பொரித்து விற்கிற தொழிலும். பொரிக்கிற பெட்டிக்கு ஏதாவது செய்ய முடியுமா என்று கேட்டாள். முடியும் என்றான். முட்டைப் பெட்டி என்று தலைப்பைப் போட்டால் முடிந்தது, அவனுக்கு என்ன.

ஆனால் அவள் அதோடு விடவில்லை. வந்த எத்தனையோ பிள்ளைகளில் யாரும் கேட்காததை அவள் கேட்டாள். "அண்ணே, உள்ள இது எப்பிடி வேலை செய்யுதுன்னு சொல்லிக் குடுங்கண்ணே. நானே ஒண்ணு செஞ்சு பாக்கிறேன்." மாடல் எக்ஸாம் முடியட்டும் என்றான். முடிந்து வந்தாள். சீசன் முடியட்டும் என்றான். மூன்றாவது தடவை வந்தபோது வழக்கமான பொய்ச் சரக்கைக் கையில் கொடுத்து, ஸ்பேஸ் பாரைக் காட்டினான். அந்தப் பிள்ளையின் முகம் போன போக்கை என் கடையிலிருந்து பார்த்தேன். வைவா என்கிற வாய்மொழிப் பரீட்சைக்குத் தேதி போட்டாகிவிட்டது. வேறு வழியில்லாமல் வாங்கிக்கொண்டு போனாள்.

பிழைத்துப் போயிருப்பாள், அந்தக் காலேஜ் சேர்மன் சும்மா இருந்திருந்தால். பெற்றோர் விழாவில் மைக்கைப் பிடித்து, கோழிக்குஞ்சு விற்கிற தகப்பனுக்காக மகள் செய்த கருவி என்று அளந்து தள்ளிவிட்டார். அழகுபாண்டியை மேடைக்கு இழுத்துச் சால்வை போட்டார். அந்த மனுஷன் மேடையிலேயே அழுதிருக்கிறார். சேர்மனுக்கு மறுநாள் பேப்பரில் போட்டோ வந்தது.

அடுத்த வாரம் அழகுபாண்டி எங்கள் மாடிக்கே வந்துவிட்டார். வெள்ளைச் சட்டை, தோளில் புதுத் துண்டு. மகள் மிஷினை வீட்டில் மாட்டப் பழைய கம்ப்யூட்டர் ஒன்று வேண்டும் என்றார். அந்தத் தொழிலைப் பற்றி அவர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். பிளைவுட் பெட்டி, உள்ளே பல்பு வரிசை, சின்ன ஃபேன். வெப்பம் முப்பத்தேழரை டிகிரியில் நிற்க வேண்டும். கூடினால் ஒரு பல்பை அணைக்க வேண்டும், குறைந்தால் ஒன்றைப் போட வேண்டும். மூன்று வாரம் தெர்மாமீட்டர் முன்னால் ஆள் மாற்றி ஆள் உட்கார வேண்டும். கொஞ்சம் அசந்தால் முட்டைக்குள்ளேயே எல்லாம் அவிந்துவிடும். போட்ட முதல் போச்சு.

"எம்மக செஞ்ச மிசினு இருக்கையில இனி எதுக்குத் தம்பி தெர்மாமீட்டரு? திரையைப் பாத்து பல்பைப் போட்டு அமத்த வேண்டியதுதான்" என்றார். நான் விஜய்ஆனந்தைப் பார்த்தேன். வேண்டாம்ணே, அது பரீட்சைக்குச் செய்தது என்று ஒரு வார்த்தை சொன்னால் முடிந்தது. அவன் சிரித்துக்கொண்டே, சூப்பராக ஓடும் என்று சொல்லி, மூலையில் தூசி படிந்து கிடந்த கம்ப்யூட்டரையும் அவர் தலையில் கட்டினான். மனுஷன் எனக்கும் அவனுக்கும் கோழி முட்டை கொடுத்துவிட்டுப் போனார்.

மறுநாளே நாகஜோதி ஓடி வந்தாள். முட்டை அடுக்கியாகிவிட்டது, அப்பா தெர்மாமீட்டரைக் கழற்றிப் பரண்மேல் போட்டுவிட்டார் என்றாள். நிஜப் போர்டையும் அந்த சி.டி.யையும் கொடுங்கள், வேலை கிடைத்ததும் திருப்பித் தருகிறேன் என்று கையெடுத்துக் கும்பிட்டாள். அவன் மேலே சாமி படத்தைப் பார்த்தான், கீழே பெட்டியைப் பார்த்தான், தர முடியாது என்றான். அதை வைத்துத்தான் பிழைப்பே ஓடுகிறதாம். கொடுத்துத் தொலையேன்டா என்று நான் சத்தம் போட்டேன். அதற்கும் அசையவில்லை. கடைசியில் இரக்கப்பட்டு என்ன செய்தான் தெரியுமா? ஒரு ஃபிளாப்பியைக் கொடுத்தான். புது வெர்ஷனாம். அதைப் போட்டால் கோடு எப்போதும் முப்பத்தேழரையிலேயே நிற்குமாம், அப்பா பயப்பட மாட்டாராம். வெளியே சொன்னால் காலேஜில் டிகிரியைப் பிடுங்கிவிடுவார்கள் என்று ஒரு பயத்தையும் சேர்த்துக் கட்டிக் கொடுத்தான்.

அவளை என் கடையில் உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்தேன். அப்பாவிடம் சொல்லிவிடு தாயி, முட்டை போனால் அவர் எழுந்திருக்க முடியாது என்றேன். "மேடையில அழுதாருக்கா" என்றாள். "ஊர்ல இன்னும் அந்தச் சால்வையைத்தேன் போத்திக்கிட்டுத் திரியிறாரு."  ஃபிளாப்பியைப் பையில் போட்டுக்கொண்டு இறங்கிப் போனாள்.

மூன்று வாரம் கழித்து விஜய்ஆனந்த் ஒரு தட்டில் லட்டோடு என் கடைக்குள் வந்தான். அழகுபாண்டி போன் செய்தாராம். ஒன்றுகூடத் தவறாமல் குஞ்சு பொரித்துவிட்டதாம். அடுத்த ஈடு முட்டையும் வைத்துவிட்டாராம்.

"அது எப்படிடா பொரிக்கும்? உன் மிஷின் எதையும் பார்க்காதே" என்றேன்.

"தெரியலக்கா. ஆனா ஓடுதுக்கா" என்றான்.

ஊரை ஏமாற்றுகிறவனை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். ஊரை ஏமாற்றி முடித்து மிச்சமிருந்ததைத் தனக்கே விற்றுக்கொண்டவனை அன்றுதான் பார்த்தேன். கேபிளில் ஒன்றும் ஓடவில்லை என்பது அவனுக்குத் தெரியும். தெரிந்தே நம்பத் தொடங்கிவிட்டான். விசிட்டிங் கார்டில் 'ஹேச்சரி ஆட்டோமேஷன்' என்று அச்சடித்தான். கூச்சமே இல்லாமல் அதையும் என்னிடம்தான் ஜெராக்ஸுக்குக் கொண்டு வந்தான்.

ஆடி பிறப்பதற்குள் ஒரு ஆளையும் பிடித்துவிட்டான். வாடிப்பட்டிப் பக்கம், பேச்சிமுத்து என்று பெயர். மிலிட்டரியிலிருந்து வந்து, வந்த பணத்தை எல்லாம் கொட்டிப் பெரிதாகக் குஞ்சுப் பண்ணை ஆரம்பித்திருந்தார். அழகுபாண்டி வீட்டில் ஓடுவதை நேரில் காட்டினால் வாங்கிக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறார். நீங்களும் வந்து ரெண்டு வார்த்தை சொல்லுங்கக்கா, பொம்பளை சொன்னா நம்புவாக என்று என்னைக் கூப்பிட்டான். எனக்கு அவனுக்காகப் பேசுகிற உத்தேசம் ஒன்றுமில்லை. அந்தப் பிள்ளையைப் பார்க்க வேண்டும் போல இருந்தது, போனேன்.

பஸ்ஸை விட்டு இறங்கியதும் அழகுபாண்டியே எதிர்கொண்டு வந்தார். நடந்துகொண்டே மகளைப் பற்றிக் குறைபட்டார். மெட்ராஸ் கம்பெனி ஒன்று இரண்டு தடவை கூப்பிட்டும் போக மாட்டேன் என்கிறாளாம். கொட்டகையே கதியென்று கிடக்கிறாளாம். மிஷின் பார்த்துக்கொள்ளும், நீ கிளம்பு என்றாலும் காதில் போட்டுக்கொள்வதில்லையாம். படிக்க வைத்தது தண்டம் என்று முந்தாநாள்கூடத் திட்டினேன் என்றார்.

கொட்டகை தகரம் போட்டது, உள்ளே அனல். கம்ப்யூட்டருக்குப் பழைய சேலையில் உறை தைத்து, நெற்றியில் சந்தனப் பொட்டு வைத்திருந்தார்கள். அதன் முன்னால் நாகஜோதி உட்கார்ந்திருந்தாள். கண்ணுக்குக் கீழே கருவளையம், கழுத்தெலும்பு தெரிந்தது. மூலையில் பாய் சுருட்டிக் கிடந்தது. என்னைப் பார்த்ததும் சிரித்தாள், ஆனால் எழுந்து வரவில்லை. கை கீபோர்டில் சாய்ந்திருந்தது.

அந்தச் சாய்ந்த கையை நான் சந்தில் எத்தனை பிள்ளைகளிடம் பார்த்திருக்கிறேன். கூர்ந்து பார்த்தேன். பக்கத்தில் இருந்த முட்டைப் பெட்டியின் பக்கவாட்டில் ஒரு சின்ன ஓட்டை. அவள் உட்கார்ந்த இடத்திலிருந்து மட்டும் உள்ளே தெரியும். முட்டைத் தட்டுக்கு நடுவில் மறைத்து வைத்திருந்தது, பரண்மேல் போட்ட அதே கண்ணாடித் தெர்மாமீட்டர். அதைப் பார்ப்பாள், கட்டைவிரல் தட்டும், திரையில் எண் மாறும். தெர்மாமீட்டரில் ஏறினால் திரையில் ஏற்றுவாள். அழகுபாண்டி திரையைப் பார்த்து, சரியாக ஒரு பல்பை அணைப்பார். புது வெர்ஷன் ஃபிளாப்பியை அவள் போடவே இல்லை. போர்டு சொல்ல வேண்டியதை இந்தப் பிள்ளை இத்தனை மாசமாக ராவும் பகலும் உட்கார்ந்து சொல்லிக்கொண்டிருந்திருக்கிறாள். 

விஜய்ஆனந்த் அந்தப் பக்கம், முன்பே வந்து காத்திருந்த பேச்சிமுத்துவிடம் அளந்துகொண்டிருந்தான். சென்சாராம், சிக்னலாம், ஜப்பான்காரன் இப்படித்தான் செய்கிறானாம். பேச்சிமுத்து எல்லாவற்றையும் கேட்டுவிட்டு ஒன்றே ஒன்று கேட்டார். "அப்ப ராத்திரிக்கு ஆளே போட வேணாமா?"

"எதுக்கு? எம்மக மிசினு பாத்துக்கிரும். மணியடிச்சா எந்திரிச்சு பல்பை அமத்துனாப் போதும்" என்றார் அழகுபாண்டி.

"ஒரு ஆளும் வேணாம்ணே" என்றான் விஜய்ஆனந்த்.

கட்டைவிரல் நின்றது. நாகஜோதி எழுந்தாள். நேராகப் போய்ப் பெட்டிக் கதவின் கொண்டியை எடுத்து விரியத் திறந்துவிட்டாள். உள்ளே இருந்த சூடு என் முகத்தில் வந்து அடித்தது.

"அப்பா, திரையைப் பாருங்க" என்றாள்.

முப்பத்தேழரை. அத்தனை சூடும் வெளியே போய்க்கொண்டிருக்க, கோடு லேசாக நடுங்கியபடி தன்பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது. விஜய்ஆனந்த் அவள் பக்கத்தில் போய், டிகிரி போயிரும்மா என்று பல்லுக்குள் முனகினான்.

"போகட்டும்ணே." பிறகு பேச்சிமுத்துவைப் பார்த்துச் சொன்னாள். "வாங்காதீங்க பெரியப்பா. இது எதையும் பாக்காது. நான் செய்யல, இவுககிட்டக் காசுக்கு வாங்குனது."

அழகுபாண்டி முதலில் போய்க் கதவைச் சாத்திக் கொண்டியைப் போட்டார். முட்டை உள்ளே இருக்கிறதல்லவா. பிறகு திரையைப் பார்த்தார், மூலையில் கிடந்த பாயைப் பார்த்தார்.

"அப்ப இம்புட்டு நாளும் பாத்துக்கிட்டது யாரு?"

"நாந்தேன்ப்பா."

அவருக்கு முந்தாநாள் திட்டியது ஞாபகம் வந்திருக்க வேண்டும், துண்டை எடுத்து முகத்தை அழுத்தித் துடைத்தார். அடி விழப் போகிறது என்று நான் விஜய்ஆனந்தைப் பார்த்தேன். அந்தப் பிறவிக்கு அந்த நேரத்திலும் வாய் சும்மா இருக்கவில்லை.

"கதவு தொறந்தா கொறையிற மாதிரி ஒண்ணு வைக்க விட்டுப்போச்சுண்ணே. அடுத்த வெர்ஷன்ல சரி பண்ணிரலாம்."

யாரும் அவனைத் திரும்பிப் பார்க்கவில்லை. அழகுபாண்டி மகள் உட்கார்ந்திருந்த ஸ்டூலை ஓட்டைக்கு நேராக இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். உள்ளே குனிந்து பார்த்துவிட்டு, குறைந்த சூட்டுக்கு இன்னும் இரண்டு பல்பைப் போட்டார்.

"இனி நான் பாத்துக்கிறேன் தாயி. நீ போயி அந்த மெட்ராஸ்காரனுக்குப் போனைப் போடு" என்றார். கொஞ்சம் பொறுத்து, வந்தவர்களுக்கு மோர் கொடுக்கச் சொன்னார்.

அவள் வீட்டுக்குள் போய் டம்ளர்களோடு வந்தாள். எனக்குக் கொடுத்தாள், பேச்சிமுத்துவுக்குக் கொடுத்தாள், அப்பா பக்கத்தில் ஒன்றை வைத்தாள். அந்த ஊர்ப் பக்கம் பகையாளி வாசலேறினாலும் ஒரு வாய் தண்ணீர் கொடுக்காமல் அனுப்ப மாட்டார்கள். விஜய்ஆனந்த் கையை நீட்டியபடி நின்றான். தட்டில் வேறு டம்ளர் இல்லை. அவள் தட்டைச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டுப் போன் பேசப் போனாள். நீட்டிய கையை என்ன செய்வது என்று தெரியாமல் பேன்ட்டில் துடைத்துக்கொண்டு, "போலாமாக்கா" என்று என்னிடம் கேட்டான்.

 டம்ளரில் பாதி மோர் இருந்தது, மெதுவாகக் குடித்தேன்.